வளர்மதி வீட்டில் இருந்தால் நெட் படுத்துவிடும்

1

முன்பின் தெரியாதவர்களின் வீட்டு இணையத்தைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. அயர்லாந்தில் லிமெரிக் என்னும் ஊரில், ஓர் இணைய நிறுவனத்தின் உதவி மையத்தில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "படமெல்லாம் நன்றாக இறங்குகிறது, நான் அனுப்புவதுதான் போகமாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் அது அப்லோடு கோளாறு. பத்து நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவேன்.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், சீமைக்கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுகிறவரின் மகள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். அதனால் இந்த வேலையை அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தெரியாது. தலைநிமிர்ந்துதான் சொல்வேன்.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த வீட்டு ரூட்டரில் என்ன கோளாறு என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

நான் இங்கே வந்து ஐந்து வருடம் முடிந்த அன்று காலை, தங்கை வளர்மதி கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வமாகிவிட்டிருந்தது. அந்த நாளை நினைவு வைத்திருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன். அவளுக்கு அந்த நினைவே இல்லை.

"யக்கா, நெட்டு படுத்துருச்சு. பத்து நாள்ல எனக்கு இண்டர்வியூ. நீதான் பாக்கணும்."

வேதியியல் படித்தவள். கிடைத்தால் ஐதராபாத்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை, தங்குவதற்கு விடுதி. இரண்டு சுற்றுகளை எழுத்துத் தேர்விலேயே தாண்டிவிட்டாள். கடைசிச் சுற்று வீடியோவில். படம் இரண்டு முறைக்கு மேல் அறுந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று அவர்கள் எழுதியே அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் நிற்காது, தெருவுக்கு வரவேண்டும். அருப்புக்கோட்டை நெட் சென்டரில் தனி அறை கிடையாது. ஆக, பீரோ மேல் இருக்கும் அந்தச் சின்ன ரூட்டர்தான் அவளுக்குக் கதி.

2

வேலையில் சொல்வதையெல்லாம் வீட்டுக்கும் சொன்னேன். அணைத்துப் போடு. போட்டாள். பீரோ இரும்பு, அலையை மறைக்கும், கீழே இறக்கு. இறக்கினாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அதன் காற்றுத் துளைகளை அடைத்திருந்தது, ஊசியால் சுரண்டினாள். வைஃபை வேண்டாம், வயரை நேராக மடிக்கணினியில் செருகு. செருகினாள்.

"எவ்வளவு காட்டுது?"

"எறங்குறது பதினெட்டு. ஏறுறது புள்ளி நாலு."

அப்லோடு பத்து எம்பி காட்ட வேண்டிய இடம் அது. திருச்சுழியிலிருந்து நெட்டுக்காரரை வரவழைத்தோம். அவர் ரூட்டரைக் கழற்றி, தெருவிலிருந்து வரும் கம்பியை நேராகத் தன் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார். ஒன்பது புள்ளி ஏழு. "லைன்ல குத்தம் இல்லம்மா. வீட்டுக்குள்ளதான் ஏதோ திங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "காலையில இவ பஸ்ஸேறுன பெறகு நல்லாத்தான் இருக்குதாம். சாயங்காலம் இவ காலு வாசல்ல பட்டதும் படுத்துருது. நெட்டுக்கே இவளக் கண்டா ஆகல போல."

"ஆமா, ஒனக்கு எல்லாத்துக்கும் நான்தான் கெடச்சேன்," என்றாள் வளர்.

நானும் சிரித்தேன். ஆனால் ஒரு பழக்கம் இருக்கிறது எனக்கு. வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே சொல்வதையும் குறித்து வைப்பேன். எங்கள் ரூட்டரின் பக்கத்தை இங்கிருந்தே திறக்கும்படி வைத்திருக்கிறேன். வேகத்தையும் அதிலேயே சோதிக்கலாம். மணிக்கு ஒரு முறை பார்த்துக் காகிதத்தில் எழுதினேன்.

திங்கள் காலை, ஒன்பது புள்ளி ஆறு. மதியம் அதே. வளர் கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து நாலரை பஸ்ஸில் இறங்குகிறாள்; நாலே முக்காலுக்குப் புள்ளி ஐந்து. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை சான்றிதழ் நகல் எடுக்க அருப்புக்கோட்டையில் நின்றுவிட்டு ஏழு மணிக்குத்தான் வந்தாள். ஏழு மணி வரைக்கும் ஒன்பது புள்ளி ஆறு. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். நாள் முழுக்கப் புள்ளி நாலு.

சாயங்காலத்தில் எல்லோரும் பயன்படுத்துவதால் வரும் நெரிசல் என்றால் புதன்கிழமையும் வந்திருக்க வேண்டும். அவளுடைய போனும் மடிக்கணினியும் காரணமா என்று இரண்டையும் அணைக்கச் சொன்னேன். அணைத்தாள். வேகம் எழவில்லை. அவள் எந்தக் கருவியையும் தொடாமல் வீட்டில் சும்மா இருந்தாலே அப்லோடு விழுந்தது.

அந்தக் காகிதத்தைச் சமையலறை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

3

இங்கே குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிற்கிறோம். இந்த முறை என் கணவருக்கு வேலை இருந்தது. நான் மட்டும் போனேன். என் அட்டையைக் கொடுத்தார்கள். அவருடையது வந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் அதைச் சொல்ல அனுமதி இல்லை என்றாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். வந்ததா வரவில்லையா என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். அதையும் சொல்ல முடியாதாம்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கட்டுனவளுக்கே சொல்ல மாட்டாகளா? அப்பறம் வேற யாருக்குத்தான் சொல்லுவாக?"

அன்று நானும் அம்மா பக்கம்தான். மனிதரை நம்பாத ஊர் இது என்று நினைத்தேன். வேலையிலும் அப்படித்தான் பேசப் பழக்கியிருக்கிறார்கள். ஒருமுறை அப்பாவிடம் பேசி முடிக்கும்போது, "வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் "இல்லத்தா, நீ வெச்சிரு" என்றார். அந்தக் குரல் இன்னும் உறுத்துகிறது.

இந்த வெட்கத்தில்தான் போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு காமிரா வாங்கினேன். அப்பா மூட்டம் போட்டால் வாரக்கணக்கில் காட்டில் இருப்பார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விடுவாள். ஆட்டைத் திருடுகிறார்கள் என்று வேறு பேச்சு. வாசல் தகரச் சாய்ப்பின் கீழ் மாட்டினேன். முற்றம் தெரியும், கதவு திறந்திருந்தால் கூடம் முழுக்கத் தெரியும். பேச்சும் கேட்கும். லிமெரிக்கில் தேநீர் குடித்தபடி அம்மா கோழிக்குத் தவிடு போடுவதைப் பார்ப்பேன். என் மகன் கவினுக்கு நான்கு வயது. அவன் அதைத் 'தாத்தா டிவி' என்பான். வாசலில் யாரும் இல்லாவிட்டால் அடுத்த எபிசோடு போடச் சொல்வான்.

காமிராவைப் பதிவு செய்யும்போது உரிமையாளரின் போன் எண் கேட்டது. என் எண்ணைப் போட்டிருக்கலாம். வீட்டுக்கு உடையவர் அப்பா. அவர் இருக்க நான் எப்படி என் பெயரைப் போடுவது என்று அவர் எண்ணைப் போட்டேன். மரியாதை என்றுதான் நினைத்தேன். உரிமையாளரின் போனில் மட்டும்தான் யார் யாருக்குக் காட்சி பகிரப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் தெரியும். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது.

4

இண்டர்வியூவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வீட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். டிவி. மாற்றமில்லை. அம்மா போன். மாற்றமில்லை.

"வாசல்ல காமிராவ அமத்து."

வளர் நாற்காலி போட்டு ஏறி பிளக்கைப் பிடுங்கினாள். என் திரையில் எண் ஏறியது. இரண்டு, ஐந்து, ஒன்பது புள்ளி ஏழு.

அந்த வகைக் காமிராவை ஓர் ஆள் பார்த்தால் ஒன்றரை அளவு போகும். இன்னோர் ஆள் பார்த்தால் இன்னொரு ஒன்றரை. நான் அப்போது பார்க்கவில்லை. அப்பா காட்டில். ஆனால் ஒன்பதுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஆறு பேராவது அந்த நொடியில் எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளர் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அவள் நாற்காலியில் ஏறியதையும் பார்த்திருப்பார்கள்.

கணக்கைச் சொன்னேன்.

"வளரு?"

"ஆறு பேரா?"

"கொறஞ்சது."

"அப்ப பாத்துச் சொன்னது நீ இல்லியா?"

"எத நான் சொன்னேன்?"

அவள் அழவில்லை. குரல்தான் ஒரு மாதிரி தட்டையாகிவிட்டது. "போன தையில பாண்டி மச்சான் பஸ் ஸ்டாண்டுல வெச்சு கேட்டாக, நேத்து மஞ்சச் சுடிதாரு நல்லாருந்துச்சே, எங்க போயிட்டு வந்தன்னு. நான் அன்னைக்கு வாசலோட சரி, எங்கயும் போகல. அப்பறம் ஒரு நாளு, போன்ல யாருகூடச் சிரிக்கிறன்னாக. நான் ஒன்னையத்தான் நெனச்சேன்க்கா. நீ பாத்துட்டு அத்தைகிட்ட சொல்ற, அத்தை அவுககிட்ட சொல்லுதுன்னு. அதான் ஒங்கிட்ட பேசுறதையே கொறச்சுக்கிட்டேன்."

பாண்டி மச்சான் எங்கள் அத்தை மகன். திருச்சுழியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். எனக்கு முறை. நான் படிப்பு, வேலை, கல்யாணம் என்று கடல் தாண்டிய பிறகு அந்த முறை தங்கைக்கு இறங்கியது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் ஏன் பேசுவதைக் குறைத்தாள் என்று நான் ஒரு வருடமாக வேறு காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். படிப்பு, வயசு, தூரம்.

5

அப்பா மறுநாள் மதியம் கரி லோடு ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார். வளர் வீடியோவில் என்னைக் கூப்பிட்டு, அவர் போனை வாங்கிப் பட்டியலைப் படித்தாள். பதினோரு பேர். பெரியப்பா வீட்டில் இரண்டு பேர், சித்தப்பா வீட்டில் இரண்டு பேர், அத்தை, மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்த பெரியப்பா மகள். பிறகு 'பாண்டி', 'பாண்டி 2', 'பாண்டி கடை'. கடைசியில் பெயரே இல்லாத இரண்டு எண்கள்.

"யாருப்பா இவுக ரெண்டு பேரும்?"

"எனக்கென்னத்தா தெரியும்? பாண்டிதான போட்டுக் குடுத்தான்."

"எதுக்குப்பா எல்லாருக்கும் குடுத்தீக?"

அப்பா கோபப்படவில்லை, அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஏத்தா, நீ சீமையில இருந்து வந்து மாட்டுனது. ஒம் பெரியப்பன் கேட்டான், ஒம் மக பேச்சி மாட்டுனத எங்களுக்குக் காட்ட மாட்டியான்னு. பங்காளிக்கு ஒளிச்சு என்னத்தா வெக்கப் போறோம்? நாளைக்கு நல்லது கெட்டதுன்னா மொதல்ல வந்து நிக்கிறது அவுகதான. ஆடு அத்துக்கிட்டு ஓடுனப்ப ஒங்க அத்தைதான் பாத்துட்டு போன் போட்டுச்சு, தெரியுமா?"

"ஒங்க பெரியப்பா டிவியிலயே போட்டுப் பாக்குறாராம்," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "சீரியலுக்கு முன்னாடி நம்ம வீடுதான் ஓடுதாம்."

மஞ்சள் சுடிதாரைச் சொன்னேன். பெயரில்லாத எண்களைச் சொன்னேன். வளர் அந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் கரி ஈஷிக்கொண்டது.

"இப்ப என்ன, எல்லாரையும் எடுத்துவிடணுமா?"

"ஆமாப்பா. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீ சொன்னன்னு சொல்லலாம். நீ அங்க இருக்க. எங்கிட்டதான கேப்பாக? தெருவுல நடக்கப் போறது நான்தான."

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். யாரையும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம். காமிராவை அணைத்தே வைக்கலாம். கேட்டால் வயரை எலி கடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"எலி மேல யாரு கோவிக்கப் போறா?" என்றார்.

வளர் சிரித்துவிட்டாள். நானும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது.

6

இண்டர்வியூ அங்கே மாலை மூன்றரைக்கு. இங்கே காலை பத்து. அப்பா காட்டில். அம்மா கண்மாய் வேலையில். வளர் கதவைத் தாழிட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் விடுப்பு எடுத்து, கவினைப் பள்ளியில் விட்டுவிட்டு, ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். இணைந்திருக்கும் கருவிகள்: ஒன்று. அவளுடைய மடிக்கணினி.

பத்து மணிக்கு அவள் மடிக்கணினி அனுப்பும் அளவு இரண்டு புள்ளி எட்டுக்கு ஏறி நின்றது. பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் முகமும் குரலும் அந்த எண்ணாகத்தான் எனக்குத் தெரிந்தன.

பத்து பதினொன்றுக்குப் பட்டியலில் இரண்டாவது வரி வந்தது. ஒரு போன். தன் போனுக்கு அவர் தன் பெயரையே வைத்திருந்தார். பாண்டி.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் செம்பை நீட்டுவதுபோல அம்மா வைஃபை பாஸ்வேர்டையும் கொடுத்துவிடுவாள். ஒருமுறை இணைந்த போன், அடுத்த முறை வாசலுக்கு வந்தால் தானாக இணைந்துகொள்ளும். ஆக, அவர் வாசலில் நிற்கிறார். அவள் உள்ளே தனியாக இருக்கிறாள். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அவளுடைய மடிக்கணினிக்குத்தான் கூப்பிட முடியும், அந்த அழைப்பே இண்டர்வியூவை அறுத்துவிடலாம். கூப்பிடாமல் இருந்தால் என்ன நடக்கும் என்றும் தெரியாது. அம்மாவைக் கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது.

இரண்டு புள்ளி எட்டு. அசையவில்லை. அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

பத்து பதினாறுக்கு மூன்றாவது வரி வந்தது. காமிரா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. புது வயர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். காமிரா உயிர் பெற்றால் பதினொரு பேர் போனிலும் மணி அடிக்கும். மூன்று நாளாகப் பார்க்காதவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். திறந்தார்கள். நான்கு, ஆறரை, ஒன்பது. வீட்டின் மொத்த அப்லோடு விளிம்பைத் தொட்டது. அவளுடைய பங்கு இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, புள்ளி மூன்றுக்கு வந்தது. அந்த நொடியில் ஐதராபாத்தில் அவள் முகம் உறைந்திருக்கும்.

காமிராவைத் தடைசெய்தேன். பிறகு அவர் போனையும். இரண்டு முறை அழுத்துவது, அவ்வளவுதான். எண் தத்தளித்து, மறுபடி இரண்டு புள்ளி எட்டில் நின்றது. வேலையில் ஆயிரம் வீடுகளுக்குச் செய்ததை என் வீட்டுக்குச் செய்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் கர்வமாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது. அவர்தான். தெருவுக்கு வந்திருக்கிறார்.

"என்ன பேச்சி, சௌக்கியமா?"

"சௌக்கியம் மச்சான்."

"எலி கடிச்ச வயரத் தேடித் தேடிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. சுருட்டி ஆணியில மாட்டி வெச்சிருக்கு. நல்ல எலிதான்."

ரூட்டரின் பக்கத்தில் அவர் போன் தடையில்தான் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன்.

"புதுசு மாட்டுனேன். ரெண்டு நிமிசம் ஓடுச்சு. அப்பறம் அமந்துருச்சு. உள்ள வளரு இங்கிலீசுல பேசுற சத்தம் கேக்குது, எந்திரிச்சு வரல. அப்ப அமத்துனது யாரு?"

"நான்தான் மச்சான்."

"அதான பாத்தேன்." குரலில் கோபமே இல்லை. "இத்தன தொலவுல இருந்து யாரு வாசல்ல நிக்கிறா, யாரு போனுன்னு நீ பாக்கலாம். நாங்க பாத்தாத்தான் தப்பு. சரி விடு. மாமாகிட்ட சொல்லிரு, வெள்ளிக்கெழம நானும் அம்மாவும் தட்டோட வாரோம்."

7

"நல்லாச் சொன்னேன்க்கா," என்றாள் வளர். "ஒரே ஒரு தடவ படம் நின்னுச்சு. உடனே வந்துருச்சு. பத்து நாள்ல சொல்றாகளாம்." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவள் கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. புது வயர் மட்டும் தொங்கியதாம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமையையும்.

"அவுக வந்தது ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

ரூட்டரின் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப நான் எப்ப லேப்டாப்பத் தொறக்குறேன், எப்ப மூடுறேன்னும் தெரியும்?"

"தெரியும்."

"ஞாயித்துக்கெழம நான் எங்கயும் போகலன்னு நான் சொல்லாமலே எழுதி வெச்சிருக்கேன்னியே, அதுவும் இதுலதானா?"

"ஆமா வளரு. ஒனக்காகத்தான..."

"தெரியுதுக்கா. வெக்கிறேன்."

அன்று மாலை அப்பாவிடம் பேசினேன். வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். "வாரவுகள வராதன்னு எப்பிடித்தா சொல்றது? வரட்டும். பேசட்டும்," என்றார். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று அந்தக் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை ரூட்டரின் பக்கத்தைத் திறந்தேன். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி போட்டேன். தவறு. அதற்குள் வளரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "வைஃபைக்கும் ரூட்டருக்கும் ரெண்டுக்கும் நான்தான் பாஸ்வேர்டு மாத்துனேன். காமிராவக் கழட்டி பரண்ல போட்டாச்சு. ஏதாவது தெரியணும்னா என்னையக் கூப்பிட்டுக் கேளு."

அவள் செய்தது சரி. என்னிடம் கேட்டிருந்தால் நானே அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. இங்கே மணி பன்னிரண்டு, அங்கே ஐந்தரை. தட்டோடு அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கும் நேரம். கூடத்தில் யார் யார் இருக்கிறார்கள், அப்பா என்ன சொன்னார், அவளை வெளியே கூப்பிட்டார்களா, எதுவும் தெரியாது.

இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன். அவளுடைய போன் அடிக்கிறது. எடுக்கவில்லை.